அடை வைத்த கை

இன்று காலை கால்நடை ஆஸ்பத்திரி ஆள் நம் தெருவுக்கு வந்தார். ஐஸ் போட்ட பிளாஸ்கைத் திறந்து, குஞ்சுகளின் கண்ணில் மருந்து விட்டார். மருந்து நெடியும் கோழி எச்சமும் கலந்து மூக்கில் ஏறியது. என்ன மருந்து என்று கேட்டேன். "வெள்ளைக் கழிச்சலுக்கு" என்றார். உடனே உன் நினைவு வந்துவிட்டது.

முன்பென்றால் நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். இப்போது எழுதுகிறேன். ஆமாம், நானேதான்! முதியோர் பள்ளியில் கற்றுக்கொண்டேன். 'ழ' மட்டும் இன்னும் கோணலாக வருகிறது. சிரிக்காதே.

உன்னைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, நம் ஊரில் யார் வீட்டுப் பெட்டை அடைக்கு உட்கார்ந்தாலும் முட்டை வைக்க உன்னைத்தான் கூப்பிடுவார்கள். உன் கைக்கு ராசி உண்டென்று பேச்சு. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதுகூட, "இருய்யா, தோ வந்துட்றேன்" என்று ஓடுவாய்.

அந்தக் கோடையில் கீழத்தெருவில் இதே வெள்ளைக் கழிச்சல் நோய் கண்டது. கோழிகள் இறக்கை தொங்க நின்றன, கழுத்து முறுக்கிக்கொண்டு விழுந்தன. ஏரிக்கரையில் குழி வெட்டிப் புதைத்தோம். நம் கோழிகளும் சாகத் தொடங்கியதும், நன்றாக மேய்ந்துகொண்டிருந்தவற்றைக் கூடையில் அடைத்தாய். நோய் வந்தால் நல்ல கோழிகளைச் சொந்தக்காரர் ஊரில் விட்டுவைப்பது எல்லோரும் செய்ததுதான். அத்திப்பட்டில் என் அக்கா வீட்டுக்கு ரயில் ஏறினோம்.

"இன்னாம்மா, கோழிக்கெல்லாம் டிக்கெட் எடுத்தியா?" என்றான் எதிரே இருந்த ஒருவன்.

"சீட்டுல ஒக்காந்தா எடுக்கலாம். அதுங்க பாவம், கீழதான குந்திக்கினு வருது" என்றாய். பெட்டியே சிரித்தது.

விட்டுவிட்டு வந்த சில நாளில் நம் கோழிகளும் அங்கே செத்தன, அக்காவின் கோழிகளும் செத்தன. முட்டை விற்றுத்தான் அவள் வீட்டில் உலை வைத்தாள். சேதி கேட்டுப் போய் நின்ற நம்மை அவள் உள்ளே கூப்பிடவில்லை.

"ராசியான கையாம்! நீ கால வெச்ச, என் கூண்டே காலியாயிடுச்சி."

"நல்லாத்தான அண்ணி மேஞ்சிக்கினு இருந்திச்சி..."

"மேஞ்சது கோழி. தொட்டது யாரு?"

திரும்பி வரும்போது காலிக் கூடையைக்கூட நீ என்னிடம் தரவில்லை.

அந்தப் பேச்சு உனக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டது. அதன் பிறகு யாரும் அடை வைக்க உன்னைக் கூப்பிடவில்லை. பிறகொரு நாள் நம் வீட்டுப் பெட்டையே உட்கார்ந்தபோது, முட்டைகளை என்னிடம் நீட்டினாய். "நீயே வெய்யா. என் கை வாணாம்." கடைசிக் காய்ச்சலில் படுத்திருந்தபோதும், கிட்டே வந்த குஞ்சைத் தொடாமல் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாய்.

இன்று மருந்துக்காரரிடம் கேட்டேன், நல்ல கோழியை வேறு ஊருக்குக் கொண்டுபோனால் பிழைக்குமா என்று. "பாக்கத்தான் நல்லா இருக்கும் பெருசு. நோவு உள்ள இருக்கும். போற ஊரையும் சேத்து சாவடிச்சிடும்" என்றார்.

கொண்டுபோனவள் நீதான். அதை மாற்ற முடியாது. ஆனால் உன் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது தெரியாமலே போய்விட்டாய்.

மாமா போய்ச் சேர்ந்த பிறகு அக்கா இங்கே நம் வீட்டில்தான் இருக்கிறாள். மருந்துக்காரர் சொன்னதை அவளிடம் சொன்னேன். "இப்ப சொல்லி இன்னாடா ஆவப்போவுது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மதியம் கறுப்புப் பெட்டையை அடை வைக்க வேண்டியிருந்தது. மற்றக் கோழிகள் வந்து இடும் முட்டையோடு கலந்துவிடாமல் இருக்க, அடை முட்டையில் கரியால் ஒரு கோடு இழுப்போமே, அதற்குப் பதில் ஒவ்வொன்றிலும் உன் பெயரை எழுதினேன்.

"இன்னாடா கிறுக்கிக்கினு இருக்கிற?"

படித்துக் காட்டினேன். அக்கா ஒரு முட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எதுடா மேல்பக்கம்? எனக்கின்னா எழுத்தா தெரியும்?"

காட்டினேன். எல்லா முட்டையையும் அவளே எடுத்து, உன் பெயர் மேலே தெரியும்படி அடுக்கி, பெட்டையைத் தூக்கி வைத்தாள்.

எத்தனை பொரியும், எத்தனை கூமுட்டையாகும், தெரியாது. பெட்டை புரட்டப் புரட்டக் கரி அழிந்துவிடும். அழிந்தால் மறுபடி எழுதுவேன். எனக்குத்தான் இப்போது எழுத வருமே.