ஓசை அடங்கிய ஜாக்கிகள்

மதிப்பிற்குரிய என் கணவர் அவர்களுக்கு,

தங்கள் மனைவி எஸ்தர் வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் கண்மூடி ஓராண்டு கடந்த பின்பே முதற் கடிதம் எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். இது சபைப் பத்திரிகையில் அச்சாகும்; பலரும் படிப்பார்கள். எனினும் இதிலுள்ள கேள்வி தங்களுக்கே உரியது.

தாங்கள் ஓட்டிய ஆஸ்பத்திரி ட்ரெயிலர் இன்னமும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஊர்களைச் சுற்றி வருகிறது. டாக்டரம்மா அதனுள் கண் அறுவை செய்கிறார். நான் கருவிகளைக் கொதிக்கவைத்து எடுத்துக் கொடுக்கிறேன். ட்ரெயிலர் ஆடாமல் நிற்க நான்கு மூலையிலும் திருகுக்கால் ஜாக்கி இறக்குவீர்களே, அவற்றின் கூச்சலும் சென்ற வாரம்வரை அப்படியேதான் இருந்தது.

சென்ற வாரம் மம்சாபுரத்தில், அறுவை மேசைமீது படுத்திருந்தவர் தங்கள் தாயார். இரு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. டாக்டரம்மா குனிந்து சோதிக்கையில் புது டிரைவர் படியில் கால் வைத்தார். ஜாக்கி கிறீச்சிட்டது. அத்தையின் தலை வெடுக்கென்று வாசற்பக்கம் திரும்பியது.

"வந்துட்டானா?" என்றார்கள்.

தாங்கள் இறந்ததை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். தங்கள் குழியில் முதற்பிடி மண்ணைப் போட்டது அந்தக் கைதான். ஆயினும் எத்தனை காலம் அந்த ஓசையை வைத்தே தங்கள் வரவை அறிந்தார்கள்! பழக்கத்தில் தானாகத் திரும்பும் கழுத்துக்கு யார் போய்ச் சொல்வது?

டாக்டரம்மா என்னை வெளியே அழைத்தார். "கத்தி உள்ள இருக்கும்போது இப்படித் திரும்பினா கண்ணே போயிரும், எஸ்தர். நாளைக்குக் காலையில முடிச்சுட்டு நாம கூமாப்பட்டி போகணும். இந்தச் சத்தம் நிக்கலைன்னா நான் தொடமாட்டேன்."

எனக்கு இருந்தது ஒரு மாலைப்பொழுது.

சத்தத்தின் காரணம் எனக்குத் தெரியும், தங்களிடமும் வாதாடியிருக்கிறேன். அத்தை வைக்கோற்கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்துத் தரும் வண்டி மையைத் தாங்கள் ஜாக்கித் திருகெல்லாம் அப்புவீர்கள். மூடிக் கிடக்கும் மாட்டுவண்டி அச்சுக்கு அது அமிர்தம். தெருப்புழுதியில் திறந்து நிற்கும் திருகில் அது மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு கிறீச்சிடும். பள்ளி வாசலை மிதியாமல் வேதப்புஸ்தகத்திலேயே எழுத்துக் கற்றவளாயினும், இதை நானே ஆராய்ந்து தெளிந்தேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

நான் சுரண்டும் ஓசை கேட்டு அத்தை தடவித் தடவி வந்துவிட்டார்கள்.

"ஏட்டி, அதைத் தொடாத. எம் மவன் தடவுன மை."

"அத்தை, இது இப்போது மையன்று, மணல்."

"எங்கிட்டயுமா வேதப்புஸ்தகம் மாதிரி பேசுத? நான் குழைச்சது எனக்குத் தெரியாதா?"

"தங்கள் கண் போய்விடும், அத்தை."

"இருக்கட்டும். எம்புட்டு நாள் பாக்கப்போறேன்?"

நான் சுரண்டுவதை நிறுத்தவில்லை. அவர்களும் நகரவில்லை. இருவருக்கும் நடுவே டிரைவர் வந்து, "என்னக்கா, வண்டிக்கு கல்யாணமா? நலுங்கு வைக்கிறீய?" என்றார். இருவருமே சிரிக்கவில்லை.

சீமெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்த யுத்தகாலத்தில், அரிக்கன் விளக்கிலிருந்து வடித்தே திருகுகளைக் கழுவினேன். நன்றாகக் காயவிட்டு, நம் சபைக் கோவிலில் எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டுகளைத் திருகின் புரிபுரியாகத் தேய்த்து, ஜாக்கியை மேலும் கீழும் சுழற்றி மெழுகைப் பரவவிட்டேன். உலர்ந்த மெழுகில் புழுதி ஒட்டாது. மூட்டுகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிட்டேன். அடியில் பழைய டயர்த் துண்டுகள்.

காலையில் அத்தை தாமாகவே வந்து படுத்தார்கள். முகத்தை மட்டும் எனக்குக் காட்டவில்லை. கத்தியைக் கொடுத்துவிட்டு அவர்கள் தலையை இரு கையாலும் பற்றினேன். கத்தி உள்ளே இறங்கிய வேளையில் மலைக்காற்று ட்ரெயிலரின் பக்கவாட்டில் மோதியது. டாக்டரம்மாவின் விரல் நின்றது. ஜாக்கிகள் வாய் திறக்கவில்லை. என் கைகளுக்குள் இருந்த தலை அசையவில்லை.

கட்டுப் போட்ட பின் அத்தை கேட்டார்கள்: "வண்டி இங்கதான நிக்குது?"

"இங்குதான், அத்தை."

"ஒரு சத்தமும் இல்லையே." என் கையைத் தேடிப் பிடித்தார்கள். "பொறவு ஒரு ஜாக்கிலயாவது அந்த மையைத் தடவி விடுதியா? கண்ணு தெரிஞ்சாலும், அவன் வாரத நான் காதாலதானட்டி பாக்கணும்."

கட்டவிழ்க்கும் நாளில் பதில் சொல்கிறேன் என்று தவணை கேட்டேன். அதே மேசையில் நாளை வேறொரு தாய் படுப்பாளே! ஆனாலும் சுரண்டிய மை ஒரு சிரட்டையில் அப்படியே இருக்கிறது. எறிய மனம் வரவில்லை.

அறுவை நடக்கும் வேளையில் தங்கள் வண்டி ஒருநாளும் கூச்சலிடாது. இது என் வாக்கு. மற்ற வேளையில் ஒரு மூலையை அத்தைக்கு விட்டுக்கொடுக்கலாமா, கூடாதா? கட்டவிழ்க்க மம்சாபுரம் திரும்புகிறோம். கண் திறந்ததும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

தயவுசெய்து விரைவில் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் மனைவியும் தங்கள் தாயாரின் மருமகளுமாகிய
எஸ்தர்