மாப்ள பார்த்த வெளிச்சம்

செவ்வாய், இரவு.

தங்கச்சி மாப்பிள்ளை பாண்டி, பேரையூர்ப் பருத்திக்காட்டுக்கு மேலே ஒரு வெளிச்சம் நின்றதைப் பார்த்தான். போதையில் உளறுகிறான் என்று ஊர் சிரிக்கிறது. அவன் குடிக்கவே மாட்டான். விசாரிக்க விமானப்படை அதிகாரி இன்று மதுரை தல்லாகுளம் வந்திருந்தார். பேசத் தெரிந்த ஆள் என்று பாண்டி என்னைக் கூட்டிப்போனான்.

வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை, ஆனாலும் அசத்திவிட்டேன். தெப்பக்குளம் அகலம், மூன்று வெளிச்சம், உள்ளே ஜன்னல்!

அதிகாரி பேனாவை மூடிவிட்டுப் பாண்டியிடம் கேட்டார். "நீங்க என்ன பாத்தீங்க?"

"மச்சான் சொன்னதுதான் சார்."

மச்சான் பேச்சை அவன் சபையில் மறுப்பானா?

"பலூனா இருக்கும்ணே" என்று அதிகாரி எனக்குக் கைகொடுத்து அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் பாண்டி, "ஊர்ல என்ன மச்சான் சொல்றது?" என்றான்.

நாளைக்கு டீக்கடையில், நானும் கூட நின்று பார்த்தேன் என்று சொல்லப்போகிறேன். வெளிச்சம் ஒன்றுதான் என்பேன்.