தறி நிற்காத செய்தி

3.11.1970
சூரிய சந்திரர் சாட்சியாகச் சொல்கிறேன்: இதை எவனும் நம்பப்போவதில்லை. காஞ்சிபுரத்தில் பன்னிரண்டு தறிகளை ஒரே சொல்லில் நிறுத்தும் சக்கரவர்த்தி நான் ஒருவன்தான். தினமும் பத்து மணிக்கு உமாபதியின் தறிக்கூடத்தில் பேப்பரை உரக்க வாசிக்கிறேன். அந்த இரைச்சலில் சில்லறைச் செய்தி எவன் காதில் விழும்? பெரிய சாவு என்றால் மட்டும் கைகள் அப்படியே நிற்கும். அந்த நிசப்தம்தான் என் கிரீடம். அதற்காக எண்ணிக்கையில் ஒரு சுழி சேர்த்து, நாலை நாற்பதாக்கி வாசிப்பேன்.

"நேத்து லாரி கவுந்து நாப்பது பேருன்னியே மாமா, அத்தினி பேரு எப்பிடி ஏறினாங்க?" - ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே அக்கா மகள் காந்தா.

"ஒருத்தர் மடியில ஒருத்தர்மா."

தறியில் இருந்த அவள் புருஷன் ஆதிகேசவன் சிரித்த சிரிப்பில் இழை அறுந்தது.

9.11.1970
நாற்பதுக்கு இப்போது இரண்டு தறிதான் நிற்கிறது. என் குடிமக்கள் கெட்டுப்போய்விட்டார்கள்.

20.11.1970
கிழக்குப் பாகிஸ்தானில் புயல். லட்சக்கணக்கில் பிணம். நான் ஒரு சுழியும் சேர்க்கவில்லை, சேர்க்க இடமே இல்லை. ஒரு தறிகூட நிற்கவில்லை. "அப்பறம் இன்னாபா?" என்றான் உமாபதி. நானும் பக்கத்தைப் புரட்டி சினிமா விளம்பரம் வாசித்தேன். டீ குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

1.12.1970
ஆதி சேலை மூட்டையோடு காலை பஸ்ஸில் பட்டணம் போனான். வர இரண்டு நாள் ஆகுமாம்.

2.12.1970
எப்படி எழுதுவது.

பத்து மணிக்கு வாசித்தேன். பூந்தமல்லி அருகே பஸ் கவிழ்ந்து மூவர் பலி என்று போட்டிருந்தது. முப்பது என்றேன். காந்தா சிரித்தாள். "சுழியை எடுத்துடு மாமா, மூணு பேரு." கூடமே சிரித்தது. ராட்டை நிற்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் போலீஸ்காரர் வந்தார்.

வேலை சீக்கிரம் முடிந்து நேற்று மாலையே கிளம்பிவிட்டானாம். அந்த மூன்றில் ஒன்று - நம்ம ஆதி.

வாசலில் நின்று நான்தான் அவளிடம் சொன்னேன். "போ மாமா" என்றாள். மறுபடி சொன்னேன். "வெளையாடாத மாமா." கடைசியில் போலீஸ்காரரை உள்ளே கூப்பிட வேண்டியதாயிற்று. என் வாய்க்கு அவ்வளவுதான் மதிப்பு.

3.12.1970
ஆஸ்பத்திரிக்குப் போய் அடையாளம் காட்டினேன்.

17.12.1970
நேற்று கருமாதி முடிந்தது. "நீதான் பாத்த. எப்பிடி இருந்தாரு மாமா?" என்றாள் காந்தா. நான் என்ன செய்வேன்? வாய் திறந்ததும் வழக்கமான வெள்ளம். தூங்குற மாதிரி இருந்தான் என்றேன். ஊரே திரண்டு அழுதது, கலெக்டர் காரை விட்டு இறங்கிக் கும்பிட்டார், கடலை விற்கிற அம்மா ஒருத்தி தன் சேலையைக் கிழித்து மூடினாள், நாதஸ்வரக்காரன் தானாக வந்து வாசித்தான்... "சரி மாமா" என்றாள். அழவும் இல்லை.

11.1.1971
எங்கோ படகு கவிழ்ந்து ஒன்பது பேர். ஒன்பது என்றே வாசித்தேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. என்ன பிறவி நான்?

காந்தா மறுபடி நூல் சுற்ற வருகிறாள். யாரோடும் பேச்சில்லை.

14.1.1971
பொங்கல். நம் வீட்டில் இல்லை. அவளுக்குச் சோறு கொண்டுபோனேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்:

"அன்னிக்கு அத்தினி சொன்னியே மாமா, அதுல எதுனா நெசமா?"

புளுகு ஒன்றும் வாயில் வரவில்லை.

"அந்தம்மா சேலை கிழிச்சு மூடினது."

"இன்னா கலரு?"

"பச்சைமா. வெளுத்த பச்சை. ஓரம் நைஞ்சு போயிருந்துது."

சத்தியமாக அது மட்டும் உண்மை, போலீஸ்காரர் சொன்னது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அவன் முகத்தின்மேல் அதுதான் கிடந்தது.