ஓரங்கட்டாதே

மணலூர்பேட்டை,
12.11.1990

அன்புத் தங்கை செல்விக்கு, அக்கா அம்சவள்ளி எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். நீ சுகமில்லை என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது, அதனால் கேட்கவில்லை.

கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அது வந்துடட்டும். இன்னாத்துக்கு அந்த ஐஸுல போய் நிக்கணும்? வரச் சொல்லி இன்னிக்கே எழுது" என்றார். மூன்று வருஷத்துக்கு முன் இடஒதுக்கீடு கேட்டு ரோட்டில் உட்கார்ந்து ஜெயில் களி தின்ற மனுஷன். மகள் என்றதும் பயம் வந்துவிட்டது. போதாததற்கு நைனார்பாளையத்திலிருந்து உன்னைப் பெண் கேட்டு வேறு வந்து போயிருக்கிறார்கள். பையன் உரக்கடை வைத்திருக்கிறான். நல்ல பையன்தான், மூக்கு மட்டும் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டெல்லியில் மண்டல் கமிஷன் கலவரம் நடந்தால் கோவாவில் உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கு ஏன் குத்துகிறது? கோட்டாவில் படித்தவள் அண்டார்டிகாவில் குப்பை பொறுக்கத்தான் லாயக்கு என்றார்களாமே. ஆமாம், நீ கப்பலேறிப் போவது குப்பை அள்ளத்தான். நம் நாட்டுப் பழைய ஆராய்ச்சி நிலையம் பனிக்குள் புதைந்துகொண்டிருக்கிறது, அங்கே டீசல் கசிந்தால் எத்தனை காலமானாலும் அந்தப் பனி சுத்தமாகாது என்று நீதானே சொன்னாய். போட்டவர்களே பொறுக்க வேண்டாமா? இதில் உனக்கு என்ன வெட்கம்?

ஆனால் எனக்குக் கோபம் அதில் இல்லை. இந்த வருஷம் நிலைமை சரியில்லை, பயணத்திலிருந்து நீயே விலகிக்கொள்வதாக எழுதிக் கொடு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று உன் மேலதிகாரி பரிவாகச் சொன்னாரே, அதில்தான்.

போன வருஷம் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு நான் முதன்முதலாகத் தனியாகக் கரும்பு வண்டி ஓட்டிப் போனேனே, நினைவிருக்கிறதா? வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் இதே பரிவோடு, "கடையாணி கழண்டுக்கினு வருதும்மா, ஓரங்கட்டிப் பாரு" என்றார். ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தேன். சக்கரத்தில் ஆணி அசையாமல் இருந்தது. நிமிர்வதற்குள் அவர் வண்டியும் அதற்குப் பின்னால் நின்றவையும் என்னைத் தாண்டிப் போய்விட்டன. வரிசையை விட்டவளுக்கு மறுபடி கடைசியில்தான் இடம். கரும்பு வெயிலில் காய்ந்து எடை போனது. புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே அதுதான் வரவேற்பு என்று பிறகு தெரிந்தது. அடுத்த நடையிலும் ஒருத்தர் சொன்னார். "கழண்டா கழலட்டும், நான் நவுர மாட்டேன்" என்றேன்.

உன் கடையாணியும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. போகிறவர்கள் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுக்க வேண்டுமானால் அவர்களே எடுக்கட்டும், காரணத்தையும் அவர்களே எழுதட்டும். நீ உன் கையால் எழுதிக் கொடுக்காதே.

தென்துருவத்துக்குப் போட்டி போட்டுப் போய், இரண்டாவதாகச் சேர்ந்து, திரும்பும் வழியில் செத்துப்போனவர்களைப் பற்றி ஒருமுறை சொன்னாய். இழுக்கத் தெம்பில்லாதபோதும் ஆராய்ச்சிக்குப் பொறுக்கிய கற்களை வண்டியிலிருந்து அவர்கள் இறக்கவில்லை என்றாய். பைத்தியங்கள் என்று சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. எனக்கும் பயம்தான் செல்வி. பனி பிளந்து ஆளை விழுங்கிவிடுமாமே. இடுப்பில் கயிறு கட்டாமல் ஓர் அடி வைக்காதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்து, "வரச் சொல்லிட்டியா?" என்று கேட்டார். "சொல்லிட்டேம்பா" என்றேன். அவரிடம் பொய் சொன்னதாக இருக்க வேண்டாம், அதனால் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் கப்பல் திரும்புமல்லவா, அதில் வா. அதற்கு முன்னால் வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டேன்.

முழுசாக வந்து சேர்.

உன் அக்கா,
அம்சவள்ளி