ஆற்றுக்கு முதுகு காட்டிய நாற்காலி

மச்சான்,

நேற்று மத்தியானம் ஒரு கைப்பிடிக் கம்பியைத் தொட்டேன். வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது, இருந்தாலும் கையை எடுக்க மனம் வரவில்லை. வெள்ளாற்றங்கரைப் பூங்காவில், நாம் இறங்கும் படிகளுக்குப் பக்கத்திலேயே இப்போது சாய்தளம் போட்டிருக்கிறார்கள். மேலே வண்டி நிறுத்துமிடத்தில் தொடங்கி, வளைந்து வளைந்து ஆற்று மணல் வரைக்கும் போகிறது. நீ போய் நாலு வருஷம் கழித்து வந்திருக்கிறது. பார்த்ததும் சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பொய். வயிறு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒருவர் சக்கர நாற்காலியில் இறங்கிக்கொண்டிருந்தார். உன் வயதுதான் இருக்கும். பாதி வழியில் நிறுத்தி போனில் பேசினார். "ஆத்தாண்ட இருக்கேன். ஒண்ணும் இல்ல, சும்மா வந்தேன்" என்றார். சும்மா வந்தாராம்! நீ ஒரு தடவையாவது அங்கே சும்மா வந்திருப்பாயா? செம்மங்குப்பம் கம்பெனியில் எனக்கு ஷிப்ட் இருக்கக் கூடாது, கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் கிடைக்க வேண்டும், அன்றைக்கு என் இடுப்பு ஒத்துழைக்க வேண்டும். இவ்வளவும் கூடி வந்தால்தான் உனக்கு ஆறு.

பதினெட்டுப் படி. போலியோ வந்த கால்களோடு நீ நாற்காலியில் இருப்பாய். நேராக இறக்கினால் முன்னால் கவிழ்ந்துவிடுவாய் என்று பயந்து, பின்பக்கமாகத்தான் இறக்குவேன். ஒவ்வொரு படிக்கும் சக்கரம் தடக்கென்று விழும், நீ எண்ணிக்கொண்டே வருவாய். அடுத்த படியைத் தேடி நான் திரும்பும்போதெல்லாம் ஆறு எனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்ததெல்லாம் மேலே இருந்த பஜ்ஜிக் கடைதான். கீழே வந்ததும் நாற்காலியை ஒரே சுற்றாகச் சுற்றி, "பாருடா" என்பேன், என்னவோ நானே வெட்டிவிட்ட ஆறு மாதிரி. திரும்ப ஏற்றும்போதுதான் ஆறு உன் எதிரில் இருக்கும், அதுவும் விலகிப் போய்க்கொண்டே. இத்தனை வருஷத்தில் இது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிப்ட் விழுந்தது. நீ லால்பேட்டை ஆட்டோக்கார பாயோடு போய் வந்துவிட்டாய். மீன் பிடிக்க வந்த ஒருவரைத் துணைக்குக் கூப்பிட்டு, முன்னால் அவரும் பின்னால் பாயுமாக உன்னை இறக்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். மூன்று வாரம் உன்னிடம் பேசவில்லை. சவாரிக்கு வந்த மனுஷன் என் வேலையைச் செய்வதா என்று பொருமினேன். கட்டிக்கொண்டவள்கூட அப்படிக் கோபித்திருக்க மாட்டாள்.

கடைசியில் நீதான் போன் செய்தாய்.

"கோச்சிக்காத மச்சான். ஒன்ன மாதிரி பத்திரமா எறக்க ஆளு கெடையாது. ஆனா பாயி, எந்தப் பக்கம் பாத்து எறங்கணும்னு கேட்டாரு. ஆறு கொஞ்சம் கொஞ்சமா மேல வருது மச்சான், எறங்க எறங்க."

அதை நீ முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"தூக்கிட்டுப் போறவன்கிட்ட இன்னும் என்னத்தக் கேக்கறது" என்றாய்.

அடுத்த ஞாயிறு நேராக இறக்குகிறேன் என்றேன், நீயும் சரியென்றாய். அந்த வாரமே நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தூக்கத்தான் செய்தேன், வேறு மூன்று பேரோடு.

நேற்றைய மனிதரிடம் வருகிறேன். சாய்தளம் முடிந்த இடத்தில் அவருடைய சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. ஓடிப்போய் கைப்பிடியைப் பிடித்துவிட்டேன். மணலில் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்தால் லேசாக வரும், உனக்குத்தான் தெரியுமே. என் கை பழக்கத்தில் திருப்பவே தொடங்கிவிட்டது. அப்புறம் விட்டுவிட்டேன்.

"திருப்பி இழுத்தா ஈசியா வரும்ணா. ஆனா தண்ணி தெரியாது. எப்படிப் போலாம்?"

"நேராவே தள்ளுங்க. லேட்டானா ஆவட்டும்."

இருபதடிதான் இருக்கும், மூச்சு வாங்கிவிட்டது. சக்கரம் நாலு தடவை சிக்கியது. அவர் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை, ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். தலை லேசாக முன்னால் நீண்டிருந்தது. நீ இறங்கும்போது உன் தலை எப்படி இருந்திருக்கும் என்று பின்னாலிருந்து யோசித்துக்கொண்டே தள்ளினேன்.

அவர் மேல் இருந்த எரிச்சல் தண்ணீர் ஓரம் போவதற்குள் அடங்கிவிட்டது. பாய் மேல் அடங்கவில்லை, மச்சான். பார்த்தால் சலாம் சொல்கிறேன், டீ வாங்கிக் கொடுக்கிறேன், நல்ல மனிதர்தான். ஆனாலும் உனக்கு ஆறு மேலே வந்த அந்த ஒரு நாள் உன் பின்னால் நின்றவர் அவர். நான் இல்லை.