குடிக்காமல் விட்ட கிண்ணம்

லா சப்பல், பாரிஸ்

பிள்ளையளின்ர அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கட முழங்கால் நோ குறைஞ்சுதோ?

போன கிழமை எங்கட சபை ஆக்கள் ஊழியத்துக்கு எக்குவடோருக்குப் போகேக்கை, பேத்தி ஆனைஸைப் பாத்துக்கொள்ள எண்டு மகள் நிருபா என்னையும் கூட்டிக்கொண்டு போனவள். அங்கை காட்டுக்குள்ளை ஷுவார் எண்ட சனத்தின்ர சபை. ஆராதனை முடிய ஒரு மனிசி கிண்ணத்திலை மரவள்ளிக் கள்ளு நீட்டினா. கிழங்கை வாயிலை சப்பித் துப்பிப் புளிக்க வைக்கிறதாம். எச்சிலை எப்பிடிக் குடிக்கிறது? வேண்டாம் எண்டு கையைக் காட்டினன்.

"அம்மா, ஒரு வாய் குடியுங்கோ. இல்லாட்டி அவைக்கு அவமானம்" எண்டு நிருபா காதுக்குள்ளை சொன்னாள்.

"உனக்கு வேணுமெண்டால் நீ குடி."

மனிசியின்ர முகம் இறுகிப்போச்சு. பிறகு நீர்வீழ்ச்சி பாக்கப் போனம். எல்லாரும் படம் எடுக்க, எனக்கு அந்த முகமே கண்ணுக்குள்ளை நிண்டுது.

நாங்கள் வீடு குடிபுகேக்கை உங்கட தங்கச்சி இராசமலர் என்ர தேத்தண்ணியைத் தொடாமல் போனவ. அண்டையிலை இருந்து அவவின்ர வீட்டு வாசலை நான் மிதிக்கேல்லை. நான் அந்த மனிசியை அவமதிக்க நினைக்கேல்லையே. இப்ப ஒண்டும் விளங்கேல்லை.

ஆரும் பாரிசுக்கு வந்தால் ஒடியல் மா குடுத்துவிடுங்கோ. பகலிலை இஞ்சை கதைக்க ஆளில்லை, இடைக்கிடை போன் எடுங்கோ. ஆனைஸ் எழும்பீற்றாள், முடிக்கிறன். இராசமலர் ஏன் குடிக்கேல்லை எண்டு ஒருக்கால் கேளுங்கோ. நான் கேட்டதெண்டு சொல்ல வேண்டாம்.

ஞானமணி