அளவு ரவிக்கை

கிருஷ்ணகிரி
14.5.2006

அம்மாவுக்கு,

என் கல்யாணத்துக்கு ரவிக்கையை நீயே தைப்பதாகவும், அளவு ரவிக்கை ஒன்றை ஓசூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பும்படியும் சொல்லியிருந்தாய். மடித்து வைத்தேன். மூன்று நாளாக மேசைமேல் இருக்கிறது.

நீ என்னை விடுதியில் விட்ட வருடம் சிஸ்டர் ஒரு வேதக் கதை சொன்னார். அன்னாள் என்று ஒருத்தி. பிள்ளை இல்லையென்று சக்களத்தி குத்திக்காட்டுவாள். ஆண்பிள்ளை பிறந்தால் கோயிலுக்கே கொடுத்துவிடுவதாக வேண்டிக்கொண்டாள். சாமுவேல் பிறந்தான். பால் மறந்ததும் கொண்டுபோய் விட்டாள். வருடம் ஒருமுறை சின்னச் சட்டை தைத்து எடுத்துப்போவாள்.

"அப்புறம் அஞ்சு புள்ளைங்க பொறந்துச்சே சிஸ்டர், இவன மட்டும் ஏன் கூட்டிட்டுப் போகல?" என்று கேட்டேன்.

"நேந்து விட்டத யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களாடி?" என்றார்.

அவளுக்குப் பிள்ளை வேண்டியிருந்ததா, மலடி இல்லை என்ற பேர் மட்டும் போதுமாயிருந்ததா? இன்னும் தெரியவில்லை.

நீயும் வருடம் ஒருமுறை உன் தையல் கம்பெனியில் மிச்சமான துணியில் கவுன் தைத்துக்கொண்டு மத்திகிரியிலிருந்து வருவாய். தம்பி உன் இடுப்பில் இருப்பான். கவுனில் கை லேசில் நுழையாது.

"அதுக்குள்ள இப்பிடி வளந்துட்டியா கண்ணு?" என்று சிரிப்பாய்.

போன வருடத்துப் பெண்ணுக்குத் தைத்திருப்பாய். நீ பஸ் ஏறும்வரை மூச்சை இழுத்துப் பிடித்துப் போட்டிருப்பேன்.

சாமுவேலுக்கும் சட்டை சின்னதாகத்தான் இருந்திருக்கும். கதையில் அதைச் சொல்லவில்லை.

அளவு ரவிக்கை அனுப்பப் போவதில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு நீயே வா. தனியாக வா. கையை விரித்து நிற்கிறேன். அளந்துகொள்.

உன் மூத்தவள்